அக்கா தூங்கிய இடம்

எழுத்தாளரின் வாக்கியத்தில் ஏறி உட்கார்ந்தவர் எங்கே இறங்குவது என்று தெரியாமல் கடைசி நிறுத்தம் வரை போய்ச் சேருவார் என்று அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. குடிநீர் வழங்கும் அலுவலகம் அது. முப்பத்து மூன்று வருடம் அங்கே எழுத்தராக இருந்தார். ஒரு முறை பெரிய குழாய் உடைந்து ஒரு தெரு முழுவதற்கும் இரண்டு நாள் தண்ணீரை நிறுத்த வேண்டி வந்தது. அறிவிப்பு எழுதும் வேலை இவர் தலையில் விழுந்தது. பதினோரு வரி எழுதினார், பதினோரு வரியும் ஒரே வாக்கியம். தெருவே நின்று படித்தது. ஒருவர்கூட ஒரு வாளி தண்ணீர் பிடித்து வைக்கவில்லை. மறுநாள் காலையில் சோப்புப் போட்ட முகத்தோடு குழாயைத் திருகிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்குக் 'கமா' என்று பெயர்.

அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. சாயங்காலங்களில் உட்கார்ந்து நாவல் எழுதினார். ஒரே நாவல், முப்பது அத்தியாயம், எழுதி முடிக்கப் பதினான்கு வருடம். சின்னப் பதிப்பகம் ஒன்று முந்நூறு பிரதி போட்டது. அதில் இருநூற்றுப் பத்து இன்றைக்கும் அவருடைய கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கின்றன. பெருக்கும்போது அவற்றை வெளியே இழுத்து, பெருக்கி முடித்ததும் உள்ளே தள்ளுவார்.

இப்போது அவருக்கு அறுபத்து நான்கு வயது. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவும் அவரும்தான் அந்த வீட்டில் இருந்தார்கள். அவரைவிட ஒன்பது வயது மூத்தவள், அவளும் கல்யாணம் ஆகாதவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. நாலு மாடி ஏறி இறங்க முடியாது என்று ஆனதும், பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்த்தார். சேர்த்துவிட்டு வந்த அன்று இரண்டு தட்டு எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்தார். அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு என்பது குழாய்க்கும் மின்விசிறிக்கும் நடுவில் நடப்பதுதான். தவறான எண்ணிலிருந்து யாராவது அழைத்தால்கூட, "பரவாயில்லைங்க, நீங்க யாரைத் தேடறீங்க?" என்று இரண்டு நிமிடம் பிடித்து வைத்துக்கொள்வார். அவர்கள் வைத்துவிடுவார்கள்.

மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். போன தடவை இல்லத்துக்கு வரும் டாக்டர் அவரை வராந்தாவில் நிறுத்தினார்.

"உங்க அக்காவுக்கு இதயம் ரொம்பக் களைச்சுப் போயிருக்கு. மருந்து குடுக்கறோம். ஆனா நாள் கணக்கு எங்களாலயும் சொல்ல முடியாது. பேச வேண்டியது ஏதாவது இருந்தாப் பேசிடுங்க. தள்ளிப் போடாதீங்க."

டாக்டர் எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். ஆனால் எழுத்தாளருக்குப் பேச வேண்டியது ஒன்று நிஜமாகவே இருந்தது. நாற்பத்தாறு வருடமாக இருந்தது.

அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் போல இழுத்தடிக்க எனக்குப் பொறுமை இல்லை.

அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்து இறந்துபோன பிறகு, அக்கா ஒரு துணி ஆலையில் சட்டைக் காலர் தைத்துத் தம்பியைப் படிக்க வைத்தாள். அவள் படித்தது இரண்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவாள், அவ்வளவுதான். ஆலைக்குத் தையல் மெஷின் பழுது பார்க்க ஒரு மெக்கானிக் வருவார். அக்காவின் மெஷின் மட்டும் மற்ற மெஷின்களைவிட அடிக்கடி பழுதானது. வேண்டுமென்றே ஆனதா என்று கேட்டால் மெஷினுக்குத்தான் தெரியும். பிறகு அவருக்கு வேறொரு நாட்டில் வேலை கிடைத்துப் போனார். போய் மூன்று மாதத்தில் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. தம்பிதான் படித்துக் காட்டினான். இங்கே வேலை நிலையாகிவிட்டது, ஒரு அறை எடுத்திருக்கிறேன், உனக்குச் சம்மதம் என்றால் வந்து கல்யாணம் செய்துகொண்டு அழைத்துப் போகிறேன், இல்லையென்றால் தொந்தரவு செய்ய மாட்டேன், பதில் எழுது.

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள். "எழுதிக்கோடா. சம்மதம். வாங்க. தம்பிக்குப் பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் காத்திருக்கேன்."

தம்பிக்கு அப்போது பதினெட்டு வயது. கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் இரண்டு கவிதை வந்திருந்தது. கால் தரையில் பாவாத காலம். 'சம்மதம், வாங்க' என்று யாராவது காதல் கடிதம் எழுதுவார்களா, கடைக்குச் சாமான் பட்டியல் எழுதுவது போல? அக்காவுக்குக் கௌரவமாக இருக்க வேண்டும் என்று நாலு பக்கம் எழுதினான். நிலா வந்தது, ஆறு வந்தது, பாதி திறந்த கதவு ஒன்று வந்தது, காத்திருத்தலின் வலியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் வந்தது. சம்மதம் என்ற சொல் மட்டும் வரவில்லை. அவ்வளவு அழகுக்கு நடுவில் அது பொருந்தவில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"நான் சொன்னதெல்லாம் போட்டியா?" என்று அக்கா கேட்டாள்.

"போட்டேன்கா."

"நாலு வார்த்தைக்கு இவ்வளவு பேப்பரா?"

"அழகா எழுதியிருக்கேன்."

அக்கா பெருமையாகத்தான் சிரித்தாள். உறைக்கு அவளே பசை தடவி ஒட்டினாள்.

பதில் வரவில்லை. இன்னொரு கடிதம் எழுதலாம் என்று தம்பி சொன்னபோது, "ஒரு தடவை சொன்னதுக்கு மதிப்பு இல்லாத இடத்துல ரெண்டாம் தடவை சொல்றதா? விடு," என்று முடித்துவிட்டாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு, அக்கா அப்படித்தான்.

பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு ரயில் நிலையத்தில் தம்பி அந்த மெக்கானிக்கைப் பார்த்தான். மனைவி, இரண்டு குழந்தைகள், நிறையப் பெட்டிகள். அவர் கோபமெல்லாம் காட்டவில்லை. "உங்க அக்கா கடிதம் ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி. என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை. கூட இருந்த மூணு பேர்கிட்ட காட்டினேன். வேண்டாம்னு நேரா சொல்ல மனசு வராத பொண்ணுதான் இப்படிச் சுத்தி வளைச்சு எழுதும்னு மூணு பேரும் சொன்னாங்க. நான் அதோட விட்டுட்டேன். நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்று சொல்லி அனுப்பினான் தம்பி. வீட்டுக்கு வந்து அக்காவிடம் ரயில் தாமதம் என்று மட்டும் சொன்னான்.

அந்தத் தம்பிதான் இந்த எழுத்தாளர்.

நாவலே அதற்காக எழுதியதுதான். இருபத்து மூன்றாவது அத்தியாயத்தில் அந்தக் கடிதம் வருகிறது. எப்படி வருகிறது? 'மௌனத்தின் மடியில் தலைசாய்த்துக் கிடந்த ஒரு சொல், தன்னைச் சொல்லாமல் விட்டவனின் விரல்களுக்கிடையே மையாய் உறைந்து' என்று தொடங்கி இரண்டரைப் பக்கம் ஓடுகிற ஒரே வாக்கியமாக வருகிறது. ஒரு பத்திரிகையில் விமர்சகர் ஒருவர் அந்த வாக்கியத்தைத் தனியே எடுத்துப் பாராட்டினார். காலத்தின் பெருமூச்சு என்றார். ஒரு பையன் தன் அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்தான் என்று அந்தப் பக்கங்களில் சொல்லியிருப்பது அவருக்கும் தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எழுத்தாளர் மறைத்துக் காட்டினார்.

டாக்டர் சொன்ன அன்றே அக்காவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அது வந்து..."

"வந்து?"

"இன்னைக்கு பஸ்ல ஒரே கூட்டம்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே கேட்டாள். "நீ என்னமோ புத்தகம் எழுதினியே. எனக்கு ஒருநாளும் படிச்சுக் காட்டலையேடா. இங்க மத்தியானம் பொழுதே போக மாட்டேங்குது."

அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் படித்துக் காட்டாததற்கு, உனக்குப் புரியாது அக்கா என்று ஒரு காரணம் வைத்திருந்தார். உண்மைக் காரணம் இருபத்து மூன்றாவது அத்தியாயம். இப்போது யோசித்தார். தன் வாயால் சொல்ல முடியாததைப் புத்தகம் சொல்லட்டுமே. இந்தக் கோழைத்தனத்தை அவர் ஏற்பாடு என்று அழைத்தார்.

ஏற்பாடு இப்படி. தினமும் காலையில் ஒரு அத்தியாயத்தைப் படித்துப் போனில் பதிவு செய்து இல்லத்து நர்ஸுக்கு அனுப்புவார். மதியச் சாப்பாடு முடிந்ததும் நர்ஸ் தன் போனை அக்காவின் தலைமாட்டில் வைத்து ஓட விடுவாள். அந்த அறையில் ஆறு கட்டில்கள். ஆறு பேரும் கேட்கலாம்.

தெருச் சத்தம் வராமல் ஜன்னல் இடுக்கில் துண்டைத் திணித்துவிட்டு, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு படிப்பார். அன்றைக்கு முழுவதும் அவர் வாயைத் திறப்பது அந்த நாற்பது நிமிடத்துக்குத்தான். மத்தியானம் இரண்டரை மணிக்குப் போனில் நீலக் குறி விழும், கேட்டாகிவிட்டது என்று. அந்த நீலத்தைப் பார்த்துவிட்டுத்தான் தட்டைக் கழுவுவார்.

இருபத்து மூன்றாம் நாள் வந்தது. இரண்டரைப் பக்க வாக்கியத்தை மூன்று முறை மூச்சு முட்டிப் படித்து, நாலாம் முறை அனுப்பினார். இரண்டரை மணிக்கு நீலம் விழுந்தது. அதோடு சரி. அன்று போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, இனி தன் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். போன் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தொலைபேசிக் கம்பெனியின் சேவை எண்ணுக்கு அழைத்து, பதிவு செய்த பெண் குரல், ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் என்று சொல்வதைக் கடைசி வரை கேட்டார். மூன்றாம் நாள் தாங்க முடியாமல் நர்ஸை அழைத்தார்.

"அக்கா எப்படி இருக்காங்கம்மா? ஏதாவது சொன்னாங்களா?"

"ஜோரா இருக்காங்க சார். இதோ குடுக்கறேன்."

அக்கா வந்தாள். "என்னடா?"

"கதை கேட்டியாக்கா?"

"கேட்டேனே. நல்லா இருந்துச்சுடா. அந்த மழை வந்துச்சே, அது ரொம்ப நல்லா இருந்துச்சு."

மழை வருவது முதல் அத்தியாயத்தில், முதல் வரியில்.

நர்ஸ் போனை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். நல்ல பெண். நல்ல பெண்கள்தான் இப்படி வெள்ளந்தியாகக் கொலை செய்வார்கள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கதை வந்ததுலேருந்து எங்களுக்கு ரொம்ப உபகாரம். போட்ட ரெண்டாவது நிமிஷம் உங்க அக்கா தூங்கிடறாங்க. அஞ்சாவது நிமிஷம் ரூமே தூங்கிடுது. ரெண்டு பேருக்குத் தூக்க மாத்திரையைக்கூட டாக்டர் குறைச்சுட்டார். முப்பது பாகத்தோட முடிஞ்சுடுமா சார்? இன்னும் இருக்கா?"

எழுத்தாளர் போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டிலுக்கு அடியில் இருநூற்றுப் பத்துப் பிரதி. அவமானமாக இருந்தது. அதற்கும் அடியில், சொல்லவே வெட்கம், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. சொல்லியும் ஆயிற்று, அவளுக்குத் தெரியவும் இல்லை. இப்படியே விட்டுவிடலாமே என்று ஒரு முழு இரவு யோசித்தார். தூங்குகிறவளிடம் சொல்லிவிட்டுச் சொன்னதாகக் கணக்குக் காட்டும் ஆளா நான் என்று காலையில் அவருக்கே கசந்தது. அப்படிப்பட்ட ஆள்தான் என்று பதிலும் வந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நர்ஸை அழைத்தார். "அம்மா, நான் கதையை மாத்தி எழுதி முதல்லேருந்து அனுப்பறேன். எனக்கு ஒரு உதவி பண்ணணும். அக்கா எந்த இடத்துல தூங்கறாங்கன்னு பார்த்துச் சொல்லணும்."

"தூங்கற இடமா சார்?"

"ஆமா. எத்தனாவது நிமிஷம், என்ன வார்த்தை வரும்போதுன்னு."

இப்படி ஒரு வேலையை அந்தப் பெண் அதுவரை செய்ததில்லை, ஆனால் செய்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றாள். முதல் நாள் சொன்னாள்: "மூணு நிமிஷம் சார். 'வெளிறிய விடியலின்'னு ஒண்ணு வந்துச்சுல்ல, அங்க." எழுத்தாளர் சிவப்புப் பேனாவால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் 'அக்கா' என்று எழுதினார். மறுநாள் ஏழு நிமிடம். அதற்கு மறுநாள் நாலு. அவர் திருந்திவிட்டதாக நினைத்து எழுதிய ஒரு பத்தியில் 'எனினும்' வந்த இடத்தில் மூன்று பேர் ஒரே சமயத்தில் தூங்கினார்கள். பத்திரிகை விமர்சகர்கள் யாரும் இவ்வளவு நேர்மையாக அவருக்கு விமர்சனம் சொன்னதில்லை.

உவமைகளை வெட்டுவது அவருக்குப் பல் பிடுங்கிக்கொள்வது போல இருந்தது. ஒவ்வொன்றையும் பெற்று வளர்த்தவர் அல்லவா. ஒரு வாக்கியத்தை வாய்விட்டுப் படிப்பார். மூச்சு போதவில்லை என்றால் அங்கேயே வெட்டுவார். யார் செய்கிறார், என்ன செய்கிறார், அது தெரிகிறதா என்று பார்ப்பார். மற்றதெல்லாம் போகும். ஐந்தாவது அத்தியாயத்தில் வீட்டை விட்டு ஓடிப்போகும் அப்பாவைப் பற்றி மறுபடியும் வெளிறிய விடியல், உறங்காத சாளரம் என்று ஒரு பக்கம் இருந்தது. அதை அடித்துவிட்டு எழுதினார்: 'காலையில் கதவு திறந்திருந்தது. செருப்பைக் காணவில்லை.'

அன்று இரண்டரைக்கு நர்ஸே அழைத்தாள். குரலில் புகார் இருந்தது.

"சார், செருப்பைக் காணோம்னதும் உங்க அக்கா எழுந்து உக்கார்ந்துட்டாங்க. யாரு செருப்பு, யாரு செருப்புன்னு என்னைக் கேக்கறாங்க. பக்கத்துக் கட்டில் அம்மா, அப்பன்காரன் ஓடிட்டான்னு சொல்றாங்க. இவங்க இல்லைங்கறாங்க. ரூம்ல ஒருத்தரும் தூங்கலை."

எழுத்தாளர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம், எழுத்தில் நாற்பது வருடம், யாரும் அடுத்து என்ன என்று அவரிடம் கேட்டதில்லை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல ஆள் இல்லை. மாடிப்படி வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

பிறகு தினமும் போன் வந்தது. பெரும்பாலும் அக்காவே பேசினாள். "அந்தக் கடைக்காரன் நல்லவனா கெட்டவனா, இப்பவே சொல்லு." "நாளைக்கு வர்றதைக் கொஞ்சம் இன்னைக்கே அனுப்பேன்." "என்னடா இது, அவளை அந்த வாசல்லயே நிக்க வெச்சுட்டு முடிச்சுட்டே? மனுஷனா நீ?" மதியத் தூக்கம் கெட்டதால் ராத்திரி நன்றாகத் தூங்குகிறாள் என்றாள் நர்ஸ். அக்காவின் குரலில் பழைய அதட்டல் திரும்பி வந்திருந்தது. அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தபோதுகூட அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. எழுத்தாளருக்குச் சில நாள் சந்தோஷமாகவே இருந்தது. ஆனால் தாளின் மூலையில் எண் ஏறிக்கொண்டே வந்தது. பதினெட்டு. இருபது. இருபத்திரண்டு.

இருபத்து மூன்றாவது அத்தியாயத்தின் முன்னால் அவர் ஐந்து நாள் உட்கார்ந்தார். உடம்பு சரியில்லை என்று நர்ஸிடம் பொய் சொன்னார். போன தடவை அனுப்பும்போது நடுவில் இரண்டரைப் பக்கம் திரையாக இருந்தது. இந்தத் தடவை திரையைத் தன் கையாலேயே கிழித்தாகிவிட்டது. ஒரு 'எனினும்' போட்டால் போதும், அக்கா தூங்கிவிடுவாள். எந்தச் சொல்லில் தூங்குவாள் என்று உலகத்தில் அவருக்கு மட்டுமே தெரியும். அந்த வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஐந்து நாளும் அவர் பட்டது கொஞ்சமல்ல. இரண்டு முறை நிலாவை உள்ளே கொண்டுவந்தார், இரண்டு முறையும் அடித்தார். ஆறாம் நாள் நேராக எழுதினார்.

'அக்கா பதில் சொன்னாள். தம்பி எழுதினான். சம்மதம், வாங்க என்று எழுதச் சொன்னாள். தம்பிக்கு அது போதவில்லை. அவன் நிலாவைப் பற்றி எழுதினான். ஆற்றைப் பற்றி எழுதினான். சம்மதம் என்று எழுதவில்லை. நான் சொன்னதெல்லாம் போட்டாயா என்று அக்கா கேட்டாள். போட்டேன் என்றான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தைப் படித்தவர் அதை மறுப்பு என்று நினைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருடம் கழித்து அது தம்பிக்குத் தெரிந்தது. அவன் அக்காவிடம் சொல்லவில்லை.'

அவ்வளவுதான். படிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போர்வை போர்த்திக்கொள்ளவில்லை. ஜன்னலில் துண்டும் வைக்கவில்லை. கீழே யாரோ வண்டியைத் திருப்பும் சத்தத்தோடு அது பதிவானது. அனுப்பினார்.

இரண்டு மணிக்கே நீலம் விழுந்தது. இரண்டரைக்குப் போன் வரவில்லை. மூன்றுக்கும் வரவில்லை. ஒரு நிமிடக் கதையை நாற்பது நிமிடக் கதை என்று நினைத்து மீதிக்குக் காத்திருக்கிறார்களோ என்றுகூட நினைத்தார். நாலரைக்கு நர்ஸின் எண் வந்தது. எடுத்தால் அக்கா.

"டேய்."

"அக்கா."

"அந்தக் கடுதாசி கதைக்காக எழுதினதா, நம்ம வீட்டுல நடந்ததா?"

கதைதான் அக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்புவாள். எப்போதும் நம்பியிருக்கிறாள்.

"நம்ம வீட்டுல நடந்தது," என்றார்.

அந்தப் பக்கம் யாரோ இருமுவது கேட்டது.

"நான் சம்மதம்னு சொன்னேனே."

"சொன்னேக்கா."

"நீ எழுதலை."

"எழுதலை."

"நாப்பத்தாறு வருஷம் அந்த மனுஷனைத் திட்டியிருக்கேன்டா. ஆசை காட்டிட்டு ஓடிட்டான்னு ஒவ்வொரு காலர் தைக்கும்போதும் திட்டியிருக்கேன். விளங்காமப் போகட்டும்னு சொல்லியிருக்கேன். உனக்குச் சோறு போட்டுட்டு, அவரைத் திட்டியிருக்கேன்."

மன்னித்துவிடு என்று சொல்ல எழுத்தாளர் வாயெடுத்தார். அதற்குள் அவள் கேட்டாள்.

"உன் கதையில அந்த அக்காவுக்கு எப்பத் தெரியும்?"

"அடுத்த அத்தியாயத்துல."

"தெரிஞ்சு என்ன பண்றா?"

"தம்பியை மன்னிச்சுடறா."

"யாரு சொன்னா?"

"நான்தான்... நான் அப்படி எழுதியிருக்கேன்."

"அவளைக் கேட்டியா?"

அந்த அத்தியாயத்தை எழுதி முடித்த அன்று, பல வருடத்துக்கு முன்னால், இதே வீட்டில் அவர் அழுதிருந்தார். பாரம் இறங்கியது போல இருந்தது. அடுத்த அறையில்தான் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கலைக்கா."

"அப்ப அதை எடுத்துடு. அதுல இருக்கறது எதுவும் நான் சொன்னதில்லை." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நான் யோசிக்கணும். யோசிச்சு முடிச்சா நானே கூப்பிடறேன். நீ கூப்பிடாதே. வரவும் வராதே."

"சரிக்கா."

போன் நின்றது.

அவள் சொன்னதில் எந்த இடமும் அவருக்குப் புரியாமல் இல்லை. களைத்துப்போன இதயம், நாள் கணக்கு யாருக்கும் தெரியாது என்று டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியும். யோசித்து முடிக்க அவளுக்கு எத்தனை நாள் ஆகும் என்பது தெரியாது. முடிப்பாளா என்பதும் தெரியாது. பஸ்ஸைப் பிடித்துப் போய்க் காலில் விழலாம். இருபது பக்கத்துக்கு விளக்கம் எழுதலாம், அது அவருக்குக் கைவந்த கலை. அவள் கூப்பிடாதே என்றாள், வராதே என்றாள். தன் வாழ்நாளில் முதல் முறையாக அவள் சொன்னதை அப்படியே செய்வது என்று முடிவு செய்தார்.

மேஜையிலிருந்த தாள் கட்டைப் பிரித்து இருபத்து நாலாவது அத்தியாயத்தை வெளியே எடுத்தார். ஒன்பது பக்கம். அவற்றைக் கிழித்தார். பிறகு போனின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, அதன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.